ஈரத்துணி சுற்றிய பாட்டில்

"இங்கே ஒரு பாட்டில் வச்சிருந்தேனே, எங்கம்மா?"

ஜெயபாரதி முக்காலிமேல் ஏறி நின்று, பரணில் பழைய பஞ்சாங்கக் கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கையில் தூசிதான் வந்தது. அந்தத் தூசியிலும் பாட்டில் இருந்த இடம் மட்டும் வட்டமாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"எந்தப் பாட்டில்?" பங்கஜம் அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

"ஹார்லிக்ஸ் பாட்டில்மா."

"இந்த வீட்டுல ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணா ரெண்டா? பங்குனி வெயில் அடிக்குதேன்னு வத்தலும் வடகமுமாப் போட்டு எல்லாத்தையும் ரொப்பியாச்சு. ஒழிஞ்ச பாட்டில் ஒண்ணுகூட இல்ல. அப்புறம் பாத்தா நீ பரண்ல ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கே. பாட்டிலப் போயி எதுக்குட்டி ஒளிக்கே?"

"அத எடுத்தியா?"

"எடுத்துக் கழுவினேன். உள்ள வட்டமா ஒரு காயிதம் வெட்டிப் போட்டிருந்துச்சு, தூக்கி எறிஞ்சேன். அடியில ஹார்லிக்ஸ் ஈரம் பட்டுக் கல்லாட்டம் எறுகிக் கெடந்துச்சு. கரண்டிக் காம்பால குத்தினேன். ஒரு ஓரம் பேந்துச்சு, மத்தது அசையல. சரி, குடிக்கிற சாமான்தானே, கரைஞ்சா ஒடம்புக்கு நல்லதுதானேன்னு திருநாளுக்கு அண்டாவுல கரைச்சிருந்த பானகத்த அப்படியே ஊத்திட்டேன். லேசா பாதாம்பருப்பு வாசனைகூட வந்துச்சு. பாதாம் போட்ட ஹார்லிக்ஸா நாம வாங்கினோம்?"

முக்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று ஜெயபாரதிக்குத் தெரியாது. அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"அந்தப் பானகம் எங்கம்மா?"

"ஏன் இப்படி முழிக்கே? உன் சிநேகிதி வந்தாளே, அந்த சாயபு வீட்டுப் பிள்ளை, அவகிட்டக் குடுத்துவிட்டேன். நீ அப்பா கடைக்குப் போயிருக்கேன்னேன். 'நான் ஆத்தங்கரைக்கு முன்னால போறேன், அவள வரச் சொல்லுங்க'ன்னு கெளம்பிட்டா. இந்த வெயில்ல ஒத்தையாப் போகுதே பிள்ளைன்னு மனசு கேக்கல. சில்லுனு இருக்கட்டும்னு ஈரத்துணியச் சுத்திக் குடுத்தேன்."

"நீ அதுல ஒரு வாய் குடிச்சியா? சொட்டாவது நாக்குல வச்சியா?"

"நான் எதுக்குக் குடிக்கேன்? அது அவளுக்குன்னு ஊத்தினது."

அலமாரியில் எவர்சில்வர் கூஜா பளபளவென்று நின்றது. மூடி போட்ட கூஜா. திருச்செந்தூர் போனாலும் திருப்பதி போனாலும் பங்கஜம் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். ஜெயபாரதியின் கண் அதில் போய் நின்றது.

"கூஜா இருந்துச்சேம்மா."

பங்கஜம் மகளைப் பார்க்காமல் முந்தானையில் கையைத் துடைத்தாள். "கூஜா போனா திரும்பி வருமில்ல. வந்தா நான் அத என்னத்தட்டி பண்ண? பாட்டில்னா அவளே வச்சுக்கிடட்டும்னு விட்டுரலாம்."

"அம்மா, அது ஹார்லிக்ஸ் இல்ல. பூச்சி கொல்லுற பாட்டில். அடியில இருக்கிறது விஷம். மேல வெறும் சாந்து. ஒரு வாய் உள்ள போனா போதும்."

பங்கஜம் துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "எம் பொண்ணு அப்படியெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டா."

"கொண்டுவந்தேன்."

"வெஷம்னா சீட்டு ஒட்டியிருக்குமேட்டி. மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும்."

"இருந்துச்சு. நான்தான் கிழிச்சேன்."

கிழித்தது இதே அம்மாவுக்குப் பயந்துதான். விலங்கியல் படிக்கிறாள் என்றதற்கே பங்கஜம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டிருக்கிற கணேசமூர்த்தியின் மகள் கரப்பானையும் தவளையையும் அறுப்பதா என்று. மண்டையோட்டுச் சீட்டைப் பார்த்திருந்தால் அன்றோடு படிப்பு முடிந்திருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் பாட்டிலைக் கையில் கொடுத்தபோது, "பூட்டி வைக்கணும், வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்கணும்" என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜெயபாரதி இரண்டு தடவையும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"அந்தக் கரண்டியத் தொடாதே. அண்டாவுல இருக்கிற பானகத்த யாருக்கும் ஊத்தாதே. கையச் சோப்புப் போட்டுக் கழுவு, திருப்பித் திருப்பிக் கழுவு."

"அந்தப் பிள்ளை?"

"அதுக்குத்தான் போறேன்."

"நிக்காதட்டி, ஓடு."

பூச்சி பிடிக்கும் வலை கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. எதற்கு என்று யோசிக்காமலே அதையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அபிராமபுரத்திலிருந்து அடையாற்றங்கரை ஒன்றும் காததூரமில்லை. ஆனால் அன்றைக்கு மயிலாப்பூரில் அறுபத்துமூவர். ஊரே கபாலீசுவரர் கோயிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முனையில் ஒரே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. அதன் சொந்தக்காரன் கபாலி பின்சீட்டில் குந்தி, துண்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"ஆத்துக்குப் போகணும். பாலத்துக்கு இந்தப் பக்கம், வண்ணார் துணி காயப்போடுற இடம்."

"இன்னாம்மா, எல்லாரும் சாமி பாக்கப் போய்க்கினு கீறாங்கோ, நீ எதிர்ல போறேன்றே. வலைய வேற எடுத்துக்கினு கீறே. மீன் புடிக்கிறியா?"

"சீக்கிரம் போங்க. ஒரு உயிர் சமாச்சாரம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் பேசாமல் மிதிக்க ஆரம்பித்தான். கொஞ்ச தூரம்தான் பேசாமல் இருந்தான். தெருத்தெருவாக ஜனம் எதிரே வந்துகொண்டிருந்தது. தோளில் குழந்தைகள், கையில் விசிறிகள். பந்தல் பந்தலாக நீர்மோர்.

"யம்மா, ஒரு கிளாஸ் மோர் ஊத்திக்கினு வந்துடறேன். தொண்டை காஞ்சு பூடுச்சு."

"வேணாம், நிறுத்தாதீங்க. திரும்பி வரும்போது குடிக்கலாம்."

"ஓசி மோரும்மா. உன் துட்டு இல்ல."

"அண்ணே, கும்பிட்டுக் கேக்கிறேன்."

"சரி, சரி. கும்பிடாதே. பேஜாரு."

ஜெயபாரதி நேற்றைய நினைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றும் அவளும் சிநேகிதி குல்ஷனும் அந்தக் கரையில்தான் இருந்தார்கள். குல்ஷன் படிப்பது தாவரவியல், அவளுக்குப் பூ வேண்டும். ஜெயபாரதிக்கு அந்தப் பூவில் உட்காருகிற பூச்சி வேண்டும். ஆறு மெலிந்து நடுவே ஒதுங்கிவிட, கரையெல்லாம் பூத்துக் கிடந்தது. மணலோடு மணலாக நெருஞ்சி மஞ்சள் மஞ்சளாக. மேட்டில் ஆவாரை. தும்பையில் குட்டிக் குட்டியாக வெள்ளைப் பட்டாம்பூச்சி. எருக்கம்பூவில் கட்டை விரல் தடிமனுக்குக் கருவண்டு வந்து உட்கார்ந்தால் கொத்தே தாழ்ந்துபோகும்.

"உன் வண்டு என் பூவைக் கெடுக்குதுடி," என்றாள் குல்ஷன்.

"உன் பூ கூப்பிட்டுத்தானே அது வருது."

"கூப்பிட்டா வந்துடறதா? மரியாதை தெரியாத வண்டு. எல்லாம் உன்னை மாதிரி."

பிறகு குல்ஷன் கரை வளைகிற இடத்தைக் கைகாட்டினாள். "அங்க, துணிக் கொடிக்கெல்லாம் அந்தாண்ட, வெள்ளெருக்கு ஒண்ணு நிக்குது. நாளைக்கு அது. அதோட என் கணக்கு முடிஞ்சது."

"தண்ணியாவது குடி. உதடு வெடிச்சிருக்கு."

"அமுக்கி முடிக்காம குடிக்க மாட்டேன். ஈரக்கை பட்டா இதழ் கறுத்துடும்."

அதுதான் அவள் வழக்கம். பறித்த பூவைச் செய்தித்தாளில் பரப்பி, காம்பை நிமிர்த்தி, பலகைக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டுகிறவரைக்கும் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டாள். கட்டி முடித்ததும் நிழலில் உட்கார்ந்து மடமடவென்று குடிப்பாள். பலகையை இன்னும் கட்டாமல் இருக்க வேண்டும். ஜெயபாரதிக்கு இப்போது இருந்த நம்பிக்கை அது ஒன்றுதான். கடவுளே, இன்னும் பறித்துக்கொண்டே இருக்கட்டும். ஒரு பூ உதிர்ந்து இன்னொரு பூவைத் தேடிக்கொண்டு இருக்கட்டும்.

ரிக்‌ஷா கரை மேட்டில் நிற்பதற்குள் குதித்தாள்.

"யம்மா, துட்டு?"

"இருங்க, வரேன்."

சரிவில் இறங்கினாள். திருவிழா நாள், துணித் துறையில் ஈ காக்கை இல்லை. கொடிகள் வெறுமனே ஆடின. செருப்பை மீறி நெருஞ்சி முள் குத்தியது. குனிந்து எடுக்கவில்லை. வலதுபக்கம் போவதா, இடதா? வளைவு. வளைவுக்கு அந்தாண்ட என்றாளே. எருக்கம்புதர்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். தட்டான்கள் கூட்டமாக எழும்பி விலகின.

முதலில் கண்ணில் பட்டது செருப்பு. ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. அதற்கப்பால் பலகைக் கட்டு. கயிறு குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டிருந்தது.

வேலை முடிந்துவிட்டது.

ஜெயபாரதி சுற்றிலும் தேடினாள். அப்புறம் பச்சைத் துப்பட்டாவைப் பார்த்தாள். வெள்ளெருக்கின் நிழலில் குல்ஷன் குப்புறக் கிடந்தாள். ஒரு கை முன்னால் நீட்டியிருந்தது. அசைவில்லை.

"குல்ஷன்."

நீட்டியிருந்த கையில் ஒரு விரல் உயர்ந்தது. சத்தம் போடாதே என்கிற மாதிரி.

ஜெயபாரதி முழங்காலிட்டு விழுந்து அவளைத் தோளைப் பிடித்துப் புரட்டினாள். "குடிச்சியா? சொல்லுடி, குடிச்சியா?"

"அரே, விடு. கை வலிக்குது. எதைக் குடிச்சேன்?"

"அம்மா குடுத்த பானகம்."

குல்ஷன் எழுந்து உட்கார்ந்து துப்பட்டாவில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். பதில் சொல்லத் தயங்கினாள்.

"குடிக்கல."

"ஒரு வாய்கூட?"

"ஒரு வாய்கூட இல்ல. கோவிச்சுக்காதே."

"கைய நக்கினியா? விரல வாயில வச்சியா?"

"பைத்தியமா உனக்கு? குடிக்கலன்னேன்ல. கீழ ஊத்திட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா என்ன சொல்ல?" குல்ஷன் எருக்கஞ்செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்கம்மா பாட்டில நீட்டும்போது, 'இத நீயே வச்சுக்கோம்மா, திருப்பிக் கொண்டாராதே'ன்னாங்க. அலமாரில கூஜா இருந்துச்சு. நானும் பாத்தேன், நான் பாத்ததை அவங்களும் பாத்தாங்க. தாகம்தான் எனக்கு. பாட்டிலத் திறந்தேன். தொண்டைல இறங்காதுன்னு தெரிஞ்சது. ஊத்திட்டேன்."

ஜெயபாரதி உட்கார்ந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ எதுக்கு அழுறே? இங்க பாரு, உனக்குத்தான் வேட்டை. அதான் அசையாமப் படுத்துக்கினு பாத்துட்டிருந்தேன்." குல்ஷன் வெள்ளெருக்கின் அடியைக் காட்டினாள்.

மணலில் ஈரம் கறுப்பாகப் படர்ந்திருந்தது. அதைச் சுற்றி எறும்புகள். ஊர்ந்து வந்த வரிசை வரிசையாகவே கிடந்தது. ஈக்கள் மல்லாந்திருந்தன. இரண்டு தேனீ, ஒரு குளவி. ஈரத்தின் விளிம்பில், ஆரஞ்சுச் சிறகும் கறுப்புக் கரையுமாக எருக்கம்பட்டாம்பூச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது. காற்றடித்தபோது சிறகு மட்டும் அசைந்தது.

"வெல்லம் அதிகமாயி மயங்கிடுச்சுங்க போல," என்றாள் குல்ஷன். "எனக்கும் பாட்டிலத் திறந்தப்ப தலை ஒரு மாதிரி ஆச்சு. இன்னும் வலிக்குது."

"அது வெல்லம் இல்ல. என் பாட்டில். பூச்சி கொல்லுற பாட்டில். அம்மாவுக்குத் தெரியாது."

குல்ஷன் அந்தப் பட்டாம்பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தன் கைகளைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள், யாரோ ஒருத்தியுடைய கை மாதிரி.

"ஜெயா, நான் முழுசா ஊத்தல."

"என்ன?"

"பாதிதான் ஊத்தினேன். சாப்பிடுற சாமானக் கொட்டறது பாவம்னு எங்கம்மா சொல்வாங்க. மீதிய யாராவது வண்ணார் வந்தா குடுக்கலாம்னு அங்க கல்லு மேல..."

இருவரும் திரும்பினார்கள்.

துணி துவைக்கிற கல்லருகே கபாலி நின்றிருந்தான். கூலியைக் கேட்க வந்தவன். ஈரத்துணி சுற்றிய பாட்டில் அவன் கையில் இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வேணாம்," என்றாள் ஜெயபாரதி. அது அவனுக்கு எட்டவில்லை.

மூடி கழன்றது. கபாலி தலையை அண்ணாந்தான்.

அவள் ஓடினாள்; கையில் நீட்டிய வலைக்கம்பு அவளுக்கு முன்னால் போனது. மூங்கில் கம்பின் நுனி அவன் மணிக்கட்டில் பட்டது. பாட்டில் கல்லில் மோதி, உடையாமல் உருண்டு, மணலில் போய்க் கவிழ்ந்தது. பானகம் குபுகுபுவென்று நெருஞ்சிப் பூக்களுக்கு நடுவே ஓடியது.

கபாலி கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபத்தைவிட அவமானம்தான் அவன் முகத்தில் தெரிந்தது. "இன்னா மே. நான் வாய் வச்சா பாட்டில் தீட்டாயிடுமா? வழியில மோர் குடிக்கவும் வுடல. இங்கயும் கம்பால அடிக்கிறே. நாய்க்குக்கூட தண்ணி காட்டுவாங்கோ."

"அண்ணே, வாயில பட்டுச்சா?"

"எங்க பட்டுச்சு, அதான் தட்டி வுட்டுட்டியே."

"அதுல விஷம் அண்ணே."

"வெல்ல வாசனை வருது, வெஷம்ன்றே."

குல்ஷன் அவனை வெள்ளெருக்கடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் உதட்டைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் படாத உதடு.

"இன்னிக்கித்தானா," என்றான் யாரிடமும் இல்லாமல். "சாமி வீதில வர்ற அன்னிக்கித்தானா."

மூவருமாக வேலை செய்தார்கள். எருக்கங்கிளையை ஒடித்து, ஈர மணலையும் செத்த பூச்சிகளையும் கையால் தொடாமல் தள்ளிக் குழியில் மூடினார்கள். கபாலி மேலே கல்லைப் புரட்டி வைத்தான். பாட்டிலைக் குச்சியால் நிமிர்த்தி, மூடி, குல்ஷனின் பூப்பெட்டிக்குள் வைத்தார்கள். அது கல்லூரிக்கே திரும்பப் போக வேண்டும். நாளைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் ஜெயபாரதி சொல்லியாக வேண்டும்.

மந்தைவெளியில் ஒரு டாக்டர் குல்ஷனின் கண்ணையும் நாடியையும் பார்த்தார். காற்றோட்டமாக உட்காரச் சொன்னார். வெகுநேரம் உட்கார்த்தி வைத்து மறுபடி பார்த்த பிறகுதான் போகச் சொன்னார். ஜெயபாரதியை மட்டும் திட்டினார். வெளியே கபாலி இரண்டு கிளாஸ் மோர் குடித்துவிட்டு, மூன்றாவதையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அபிராமபுரத்து வீட்டில் விளக்குக்கூடப் போடவில்லை. பங்கஜம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அவள் கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. ரிக்‌ஷாவில் இரண்டு தலை தெரிந்ததும் எழுந்தவள், குல்ஷன் இறங்குவதற்குள் போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். இதுவரை அவள் அந்தப் பெண்ணைத் தொட்டதில்லை.

"குடிச்சியா தாயி?"

"இல்லம்மா."

"நெசமா? ஒரு மடக்குகூடக் குடிக்கலியா?"

"குடிக்கல."

"ஏன் குடிக்கல? அந்த வெயில்ல?"

குல்ஷன் ஜெயபாரதியைப் பார்க்கவில்லை. "தாகம் எடுக்கலம்மா," என்றாள்.

பங்கஜம் கும்பிட்டாள். "நல்ல வேளை. நல்ல வேளை தாகம் எடுக்கல. அந்த முருகன்தான் உன் தாகத்தக் கட்டி வச்சிருக்கான்."

ஜெயபாரதிக்கு நாக்கு துறுதுறுத்தது. குல்ஷனின் கை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இப்ப தாகமா இருக்கும்மா," என்றாள் குல்ஷன்.

பங்கஜம் உள்ளே போனாள். அடுக்களையில் சத்தமே இல்லை. வாசலில் நின்ற இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கபாலிகூடப் பெடலைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

கூஜாவைத்தான் எடுத்து வந்தாள். பானைத் தண்ணீர் ரொப்பியதில் வெளியே வேர்த்து வழிந்தது. மூடியைத் தானே திறந்து நீட்டினாள்.

குல்ஷன் இரண்டு கையாலும் வாங்கினாள். தலையை அண்ணாந்து, கூஜாவை ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சாய்த்தாள். தண்ணீர் கம்பி மாதிரி இறங்கியது. தொண்டை ஏறி ஏறி இறங்கியது.

"வாய வச்சே குடி தாயி," என்றாள் பங்கஜம். "பரவாயில்ல. வாய வச்சுக் குடி."

குல்ஷன் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். உதட்டோரத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"பழகிடுச்சும்மா," என்றாள். மறுபடி அண்ணாந்தாள்.